பச்சைப் புள்ளிகளும் ஏழாம் எண்ணும்

பங்குச் சந்தையில் அன்றாடம் வாங்கி விற்கிறவர்களின் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைப் படம் போட்டுக் காட்ட ஒரு மென்பொருள் எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டது, நானாகப் போய்த் தலையைக் கொடுத்த வேலைகளில் முதலிடம் பிடிக்கும். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கேட்டவள் என் கல்லூரித் தோழி. சம்மதித்தது என் வாய். அதற்குப் பிறகு நாலு மாதம் நான் பட்ட பாட்டைப் பொறுமையாகக் கேட்க ஆள் கிடைக்காததால் இப்போது எழுதுகிறேன்.

தோழி கீரப்பாளையத்துக்காரி. நெல் விளைவிக்கிற குடும்பத்திலிருந்து படிக்க வந்தவள். சிதம்பரம் வடக்கு வீதியில் ஒரு மாடி போர்ஷனில் வாடகைக்கு இருந்துகொண்டு உளவியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். ட்ரேடு போடுகிற, அதாவது பங்கை வாங்கவோ விற்கவோ பொத்தானை அழுத்துகிற அந்த நொடியில் ஒரு மனிதன் என்ன உணர்கிறான், அந்த உணர்ச்சி அவன் கையை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. நான் கடலூர் முதுநகரில் வீட்டிலிருந்தபடியே மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவள். கம்பெனிகளுக்கு எழுதினால் சம்பளம் வரும். தோழிக்கு எழுதினால் டிபன் பாக்ஸில் புளியோதரை வரும்.

உண்மையில் நான் ஒப்புக்கொண்டது அவளுக்காக மட்டும் இல்லை. என் வீட்டுக்காரருக்காக. அவர் மருந்து கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் இருக்கிற அத்தனை டாக்டர்களின் வாசலிலும் பையோடு காத்திருப்பதுதான் வேலை. அப்படிக் காத்திருக்கும்போது போனில் ஆப்ஷன் ட்ரேடிங் செய்ய ஆரம்பித்தார்; பங்கு விலை ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டுகிற ஆட்டம். இரண்டு வருஷத்துக்கு முன் அதில் வீட்டு மனை ஒன்று போயிற்று. மனை போனதுகூடப் பெரிதில்லை. எட்டு மாதம் ஒரு வார்த்தை சொல்லாமல் என் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. விஷயம் எனக்குத் தெரிந்த அன்று எங்கள் மகள் பாப்பாவின் தலையில் கை வைத்து, இனிமேல் தொடமாட்டேன் என்றார். நானும் பதிலுக்கு ஒன்று சொன்னேன். "இன்னொரு தடவ இப்டி மறைச்சு செஞ்சீங்கன்னா பாப்பாவ கூட்டிக்கினு சிதம்பரத்துல அம்மா வூட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்." சும்மா மிரட்டலுக்குச் சொல்லவில்லை. அப்போது நான் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். இப்போதும் அவர் போன் மெல்ல அதிர்ந்தால் என் காது விடைத்துக்கொள்ளும்.

ஒரு நல்ல மனிதனின் தலைக்குள் அப்படி என்னதான் புகுந்துகொள்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசை எனக்கு இருந்தது. அவரிடம் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார். ஆகவே வேறு ஆட்களின் தலையைத் திறந்து பார்க்கலாம் என்று கிளம்பினேன்.

மென்பொருளின் யோசனை எளிமையானது. ட்ரேடு போடுவதற்கு முன்னால் போனில் ஒரு சின்னத் திரை வரும். ‘இப்போது உங்கள் மனநிலை என்ன?’ என்று கேட்கும். கீழே ஐந்து பொத்தான்கள்: பயம், ஆசை, கோபம், சந்தேகம், நிதானம். எந்த அளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துவரை தள்ளலாம். விருப்பமிருந்தால் ஒரு வரி எழுதலாம். அவ்வளவுதான். அது என் கணினிக்கு வந்து சேரும். அன்றைய சந்தை விலையின் கோட்டின்மேல் அந்தந்த நேரத்தில் ஒரு புள்ளியாக உட்காரும். பயம் சிவப்பு, ஆசை மஞ்சள், நிதானம் பச்சை. பொத்தான்களுக்கும் இதே நிறங்கள். விலை சரியும்போது எத்தனை சிவப்பு, ஏறும்போது எத்தனை மஞ்சள் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

இதற்கே பத்து நாள் சண்டை. கோபத்துக்கு என்ன நிறம் என்பதில் தோழிக்கும் எனக்கும் மூன்று நாள் பேச்சு நின்றது. அவளுடைய வழிகாட்டி, எல்லாவற்றையும் வட்டமாக வரைந்து அப்பளத்தைப் பிட்ட மாதிரி துண்டு துண்டாகக் காட்டச் சொன்னார். நேரத்தோடு ஓடுகிற ஒன்றை வட்டத்துக்குள் எப்படி அடைப்பது? ‘என் உயிரே போனாலும் வட்டம் போடமாட்டேன்’ என்று செய்தி அனுப்பினேன். தோழி அதை நாகரிகமாக மாற்றி அவரிடம் சொல்லியிருப்பாள் என்று நம்புகிறேன்.

அடுத்து, ஆட்கள் வேண்டும். முதுநகரில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு மாடி அறை இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் தினமும் காலையில் அங்கே கூடி ஆளுக்கொரு திரையை முறைத்துக்கொண்டிருப்பார்கள். வர முடியாதவர்கள் போன் குழுவில் சேர்ந்துகொள்வார்கள். அறையை நடத்துகிறவரை எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். என் வீட்டுக்காரர் முதன்முதலில் இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொண்டது அந்த அறையில்தான் என்பதால் அந்தத் தெருப்பக்கமே நான் போவதில்லை. தோழிதான் போய்ப் பேசினாள். மனோதத்துவம் என்றதும் பாதிப்பேர் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்களாம். ‘பைத்தியக்கார டாக்டர்’ முன்னால் உட்கார ஒருவரும் தயாரில்லை. கடைசியில் மாமாவே பன்னிரண்டு பேரிடம் படிவம் வாங்கி, ஒவ்வொன்றையும் உறையில் போட்டு ஒட்டி, மேலே எண் மட்டும் எழுதிக் கொடுத்தார். யார் எந்த எண் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. உறைகள் தோழியின் பீரோவில் பூட்டிக் கிடந்தன. ஆய்வு நெறிமுறைப்படி அவற்றைப் பிரிக்கக்கூடாது.

முதல் வாரத்துத் தரவு வந்தது. நான் காபி டம்ளரோடு திரை முன்னால் உட்கார்ந்தேன். படம் முழுக்கப் பச்சை. சந்தை குப்புற விழுந்த நாளில் பச்சை. கண்ணை மூடிக்கொண்டு ஏறிய நாளிலும் பச்சை. நிதானம் எட்டு, நிதானம் ஒன்பது, நிதானம் பத்து. துறவிகள் மடம் தோற்றுவிடும். என் வீட்டுக்காரரை இரண்டு வருஷத்துக்கு முன் நான் பார்த்திருக்கிறேன். சோற்றில் ரசம் ஊற்றிவிட்டு மறுபடி ரசம் ஊற்றுவார். அப்படிப்பட்ட ஆட்களுக்கு நிதானமாம். எரிச்சலில் காபி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

பதினோரு பேர் பச்சை. ஏழாம் எண் மட்டும் சிவப்பு. ஒவ்வொரு ட்ரேடுக்கும் பயம் பத்து, பயம் பத்து, பயம் பத்து. வேறு எதையும் அந்த ஆள் தொடவே இல்லை. பொத்தான்களின் வரிசையில் பயம்தான் முதலில் இருக்கிறது. யாரோ ஒருவர் திரையைப் படிக்காமல் கைக்கு வந்த முதல் பொத்தானை அழுத்திக்கொண்டே போகிறார் என்று முடிவு கட்டினேன். எல்லாக் கேள்விக்கும் ஒரே பதிலைத் தருகிறவர்களைக் கழித்துவிடுவது இந்தத் தொழிலில் வழக்கம்தான். தரவைச் சுத்தம் செய்வது என்பார்கள். கோப்பு உள்ளே வரும் இடத்திலேயே ஒரே ஒரு வரி எழுதினேன்: எண் ஏழு என்றால் தள்ளு. ஒரு வரி ஏதாவது எழுதியிருக்கிறாரா என்றுகூடத் திறந்து பார்க்காமல் அத்தோடு அந்த ஆளை மறந்துவிட்டேன். எல்லாக் கேள்விக்கும் ‘நிதானம்’ என்று ஒரே பதிலைச் சொன்ன பதினோரு பேரை மட்டும் ஏன் தள்ளவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கு அப்போது அது தோன்றவில்லை.

மூன்றாவது வாரத்தில்தான் அந்தப் பள்ளம் கண்ணில் பட்டது. புதன்கிழமை பன்னிரண்டு மணியிலிருந்து ஒன்றரைவரை ஒரு புள்ளிகூட இல்லை. சாப்பாட்டு நேரம் என்று விட்டேன். வெள்ளிக்கிழமை பார்த்தால் பத்தரையிலிருந்து பன்னிரண்டுவரை வெறுமை. வியாழன் ஒன்றரையிலிருந்து மூன்று. செவ்வாய் கடைசி அரை மணி நேரம். திங்கட்கிழமை மட்டும் எந்தக் கோளாறும் இல்லாமல் காலையிலிருந்து சாயங்காலம்வரை பச்சை மழை. பழைய வாரங்களைத் திறந்தேன். அதே பள்ளம், அதே இடத்தில், கத்தியால் வெட்டின மாதிரி.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒன்று வந்தால் தூக்கம் போய்விடும். எப்போதாவது வருகிற பிழையைக்கூட மன்னித்துவிடலாம். கிழமை பார்த்து வருகிற பிழையை என்ன செய்வது? நேர மண்டலத்தைச் சரிபார்த்தேன். சர்வரை மாற்றினேன். போன் நிறுவனத்தின் மேல் சந்தேகப்பட்டேன். மின்வாரியத்தின் மேல் சந்தேகப்பட்டேன். கிழமைகளைக் கணக்கிடும் நிரலை மொத்தமாக அழித்துத் திரும்ப எழுதினேன். பள்ளம் அசையவில்லை. பத்து நாள். சம்பளம் தருகிற கம்பெனிக்காரர்கள் இரண்டு முறை போன் செய்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

வீட்டிலும் இதே புலம்பல்தான். ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது, "பன்னெண்டுலேர்ந்து ஒன்றரை வரைக்கும் அங்க ஒருத்தர்கூட இல்லங்க. ஒரு ஈ காக்கா கெடையாது. வெறும் வெள்ளை" என்று சொன்னேன். தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒருத்தர்கூடவா?" என்றார்.

"ஒருத்தர்கூட இல்ல. நாந்தான் டெய்லி பாக்கறேனே."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். பாதித் தோசை அப்படியே இருந்தது. என் புலம்பல் அவருக்குச் சலித்துவிட்டது போல என்று எனக்குக் கோபம்தான் வந்தது. கட்டின பெண்டாட்டியின் வேலையைப் பற்றி ஐந்து நிமிஷம் காது கொடுத்துக் கேட்க முடியாதா என்று நன்றாக நாலு வார்த்தை பேசினேன். அவர் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

ஆறாவது வாரத்தில் தோழிக்கு ஆய்வுக் குழுவின் கூட்டம் வந்தது. பள்ளத்துக்குக் காரணம் சொல்லாமல் அவளால் படத்தைக் காட்ட முடியாது. வேறு வழியில்லாமல், போகமாட்டேன் என்றிருந்த அந்த மாடி அறைக்கு நானே போனேன். போன்களை வாங்கிப் பார்த்தால்தான் கோளாறு எங்கே என்று தெரியும். அது ஒரு வெள்ளிக்கிழமை, மணி பத்தே முக்கால். சந்தை ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒருவரும் திரையைப் பார்க்கவில்லை. இரண்டு பேர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டார்.

மாமா என்னைப் பார்த்ததும் எழுந்து லுங்கியைச் சரிசெய்துகொண்டார். முகத்தில் ஒரு சங்கடம் தெரிந்தது. பழைய விஷயத்துக்குச் சண்டை போட வந்திருக்கிறேன் என்று பயந்தாரோ என்னவோ.

"ஏங்க, மார்க்கெட் ஓடுது. எல்லாரும் ஏன் சும்மா இருக்காங்க? நெட் வரலயா?" என்றேன்.

"நெட்டுக்கு என்னம்மா, ஜோரா வருது."

"அப்புறம்?"

சுவரில் தொங்கிய நாள்காட்டியை மாமா கைகாட்டினார். "ராகு காலம்மா. பன்னெண்டு மணிக்கு முடியும். ராகு காலத்துல எவனாச்சும் புதுசா ட்ரேடு போடுவானா?"

நான் நாள்காட்டியைப் பார்த்தேன். புதன் பன்னிரண்டு முதல் ஒன்றரை. வியாழன் ஒன்றரை முதல் மூன்று. வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு. திங்கள் ஏழரை முதல் ஒன்பது, சந்தை திறப்பதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் மளிகைக்கடையில் இனாமாகக் கொடுக்கிற தாளில் அச்சடித்திருக்கிற ஒன்றைக் கண்டுபிடிக்க நான் பத்து நாள் சர்வரைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் மாட்டியிருப்பது சர்ச் காலண்டர். அதில் ஞாயிறு வாசகம் இருக்கும், ராகு காலம் இருக்காது. என்னையே நாலு அறை அறையலாம் போலிருந்தது.

ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டேன். "சரி. அது என்ன எல்லாரும் நிதானம் நிதானம்னே அமுக்கறீங்க? ஒருத்தருக்குக்கூட பயமே வர்றதில்லயா?"

கடலை உரித்துக்கொண்டிருந்தவர் சிரித்தார். "பயம் வராம இருக்குமாக்கா? கை காலெல்லாம் நடுங்கும். அதுக்காக காசு போடறதுக்கு முன்னாடி பயம்னு ஒரு பொத்தானத் தொட்டுட்டுப் போனா வெளங்குமா? ஆரம்பிக்கறப்பவே அபசகுனம்."

"நம்ம ரூம்ல அதுக்கு ரூலே இருக்கும்மா. அந்த ஆப்ப தொறந்தா பச்சையத்தான் தொடணும்னு நாந்தான் சொல்லியிருக்கேன்" என்றார் மாமா பெருமையாக.

ஆறு வாரம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நான் பார்த்தது இவர்களுடைய மனத்தை இல்லை, சகுனத்தை. தோழியின் ஆய்வு மொத்தமும் போச்சு. சத்தமாகவே தலையில் அடித்துக்கொண்டேன். குறட்டை விட்டவர் விழித்துக்கொண்டார்.

கிளம்பும்போது கேட்டேன், "பன்னெண்டு பேரும் இந்த ராகு காலம் பாக்கறவங்கதானா?"

மாமா என் முகத்தைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்தார். "பதினோரு பேரு கண்டிப்பா. ஒருத்தரு மட்டும் இங்க வர்றதில்லமா, குரூப்லதான் இருக்காரு. அவருக்கு இதுலல்லாம் நம்பிக்க கெடையாது. எந்நேரமும் போடுவாரு." பிறகு, "நீங்க வூட்ல போயி கம்ப்யூட்டர்ல நல்லா பாருங்கம்மா" என்றார்.

நேராகச் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினேன். சிதம்பரம் போவதாகப் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து, பாப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். ஆலப்பாக்கம் தாண்டும்வரை கோபத்தில் எதுவும் யோசிக்க முடியவில்லை. பி.முட்லூர் வரும்போதுதான் மாமா சொன்னது உறைத்தது. ஒருத்தர் ராகு காலத்திலும் ட்ரேடு போடுகிறார் என்றால் பள்ளத்துக்குள் அவருடைய புள்ளிகளாவது இருக்க வேண்டும். பள்ளம் சுத்தமாகக் காலியாக இருந்தது. அப்போது, முதல் வாரத்தில் நான் எழுதின அந்த ஒரு வரி ஞாபகம் வந்தது.

தோழி வீட்டில் மடிக்கணினியைத் திறந்து அந்த வரியை நீக்கினேன். படம் தன்னைத்தானே மீண்டும் வரைந்துகொண்டது. பச்சைக்கு நடுவில் வெறுமையாக இருந்த ஒவ்வொரு பள்ளத்திலும் சிவப்புப் புள்ளிகள். பள்ளத்துக்கு வெளியிலும் சிவப்பு. விலை ஏறினாலும் இறங்கினாலும் பயம் பத்து.

தோழிக்குத் தலைகால் புரியவில்லை. "ஏய், இவன் ஒருத்தன்தாண்டி நெஜத்தச் சொல்லியிருக்கான்! மத்ததெல்லாம் சகுனம். இவன்தான் என் தீசிஸ்! இவனப் போயி குப்பைன்னு தள்ளிட்டியே பாவி!" என்று என் முதுகில் அடித்தாள். அடி நியாயமானதுதான். வாங்கிக்கொண்டேன். "ஏதாச்சும் எழுதியிருக்கானா பாரு" என்று என்னை நகர்த்திவிட்டு அவளே திரையைத் தள்ளினாள்.

மற்ற பதினோரு பேரும் காலியாக விட்ட அந்தப் பெட்டியில் ஏழாம் எண் ஒவ்வொரு நாளும் ஒரு வரி எழுதியிருந்தார். தோழி வாய்விட்டுப் படித்தாள்.

‘விட்டுட்டேன்னு சொன்னேன். நாலு மாசம் விட்டேன். அப்புறம் முடியல.’

‘டாக்டர் உள்ள கூப்பிடற வரைக்கும்தான் டைம். கை வேர்க்குது.’

‘பாப்பா பீஸ் கட்டியாச்சான்னு கேட்டா. ஆச்சுன்னேன். ஆவல.’

தோழி நிறுத்தி, "ஐயோ, பாவம்டி" என்றாள். பாப்பா பீஸ் கட்டியாச்சா என்று கேட்கிற வீடு ஊரில் ஆயிரம் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் அடுத்ததைப் படித்தாள்.

‘இந்த ஆப்பு அவ செஞ்சது. ஒவ்வொரு புள்ளியும் அவதான் பாக்கறா. வாயால சொல்ல தைரியம் இல்ல. இதுலயாச்சும் தெரியட்டும்.’

தோழி படிப்பதை நிறுத்திவிட்டாள். நான் திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். மீதியை வாய்விட்டுப் படிக்க ஆளில்லை. நான்தான் படித்தேன்.

‘ஒரு வாரம் ஆச்சு. ஒண்ணும் கேக்கல. கேட்டா எல்லாத்தையும் சொல்லிடுவேன்.’

‘பாத்துட்டும் சும்மா இருக்கா. எப்ப கெளம்பப் போறான்னு தெரியல.’

நான் சாப்பாட்டு மேஜையில் பள்ளத்தைப் பற்றிப் புலம்பினேனே, அதற்கு மறுநாள் எழுதியது இது: ‘பன்னெண்டுலேர்ந்து ஒன்றரை வரைக்கும் அங்க ஒருத்தர்கூட இல்லன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்றா. நான் அங்கதான இருக்கேன். என்ன ஆளாவே எண்ணலன்னு ஆயிடுச்சு.’

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். மறுபடி தொட்டுவிட்டாரே என்று. சொல்லவில்லையே என்று. ஒரு வீட்டுக்குள் இருக்கிற பெண்டாட்டிக்கு விஷயம் சொல்ல சர்வர் வழியாகவா போவது என்று. அப்புறம்தான், அவர் சொல்லியிருக்கிறார், தினமும் சொல்லியிருக்கிறார், நான்தான் வாசலிலேயே நிறுத்தித் தள்ளியிருக்கிறேன் என்பது மண்டையில் ஏறியது. அவர் எட்டு மாதம் மறைத்தார் என்று இரண்டு வருஷமாகக் குத்திக்காட்டிக்கொண்டிருந்தேன். இந்த ஆறு வாரமும் அவர் மறைக்கவில்லை.

தோழி மடிக்கணினியை மெதுவாக மூடிவிட்டு, "இவர வேணும்னா எடுத்துடலாம்டி. மறுபடியும் ஆள் புடிச்சிக்கறேன்" என்றாள். அடுத்த வாரம் கூட்டம். அவளிடம் வேறு எதுவும் கையில் இல்லை. அவள் அதைச் சொன்னதற்காக இன்றுவரை அவளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

"எடுக்காத. ஒரு தடவ எடுத்தது போதும். ஆனா அவர்கிட்ட நான் கேட்டுட்டு சொல்றேன்" என்றேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் என்னவெல்லாம் பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். கத்துவது ஒரு பக்கம், மன்னிப்புக் கேட்பது ஒரு பக்கம். இரண்டையும் எந்த வரிசையில் சொல்வது என்று பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம் ஆறு மணி. பாப்பா பக்கத்து வீட்டில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவர் பையைக்கூடக் கீழே வைக்காமல் கூடத்தில் நின்றிருந்தார். நான் காலையிலேயே மாடி அறைக்குப் போனதை மாமா போனில் சொல்லியிருக்க வேண்டும். அங்கிருந்து நான் சிதம்பரம் போயிருப்பதும் பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்திருக்கிறது. அம்மா வீடு இருக்கிற சிதம்பரம்.

"பெட்டி எடுக்க வந்தியா?" என்றார்.

"ஏழாம் நம்பர் நீங்கதான்னு இன்னைக்கு மத்தியானம்தாங்க எனக்குத் தெரியும்."

"ஆறு வாரமா பாத்துக்கினு இருக்க. இப்ப வந்து ஏன் இப்டி சொல்ற?"

"பாக்கல. மொத வாரத்துலயே உங்கள எடுத்துட்டேன். சும்மா ஒரே பட்டன அமுக்கற ஆளுன்னு நெனச்சு, குப்பைன்னு தள்ளிட்டேன். நீங்க எழுதின ஒரு வரிகூட என்கிட்ட வரல. இன்னைக்குத்தான் எல்லாத்தயும் படிச்சேன்."

அவருக்குப் புரிய நேரம் எடுத்தது. பையைக் கீழே வைத்தார். திரும்ப எடுத்தார். மறுபடி வைத்தார்.

"அப்ப அங்க யாருமே இல்லன்னு சொன்னது..."

"எனக்கு நெஜமாவே யாரும் தெரியல."

"அப்ப இத்தன நாளும் உனக்கு எம்மேல கோவமே இல்லயா?"

"தெரிஞ்சாத்தான கோவம் வரும்?"

"இப்ப?" என்றார். அந்தக் குரலில் இருந்த பயத்துக்கு அளவு பத்தில் அடங்காது.

"இப்பதான் ஆரம்பிக்கப் போறேன். ரொம்ப நாள் ஆவும் முடிய. அதனால நான் எங்கயும் போகல. மொதல்ல அந்தப் போனக் குடுங்க. அப்புறம் உக்காந்து, மொத நாள்லேர்ந்து வாயால சொல்லுங்க."

அவர் போனை என் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார்.